கூட்டல் கழித்தல் 0.02

கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் நாட்களில் இயற்பியல் துறை வாசலில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலும் அப்பா கேட்பார். அவர் வேலையை விட்டு வர முடியாத வீடுகளில் அம்மா கேட்பார், பிள்ளையின் சான்றிதழ்களை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு: "சார், பிசிக்ஸ் எடுத்தா என்ன வேலைங்க சார் கிடைக்கும்?" அறிவைத் தேடி வரவேண்டிய இடத்தில் வேலையைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளும் பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. வீட்டில் ஒரு பிள்ளை மூன்று வருடம் சம்பாதிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லும் பதில் இது: பி.எட். முடித்தால் டீச்சர் ஆகலாம், எம்.எஸ்சி. முடித்து நெட் எழுதினால் காலேஜுக்குப் போகலாம், பேங்க் எக்ஸாம் எழுதலாம், குரூப் டூ, குரூப் ஃபோர் இருக்கிறது, கொஞ்சம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் ஐ.டி. கம்பெனியில் எடுத்துக்கொள்வார்கள். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆசிரியர் வேலையை எடுத்துவிட்டுப் பார்த்தால், மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும். வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் அதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் மூன்று வருடம் அலைகளையும் மின்காந்தத்தையும் குவாண்டத்தையும் படித்தது எங்கே போயிற்று? இயற்பியல் படித்ததால் மட்டுமே ஒருவருக்கு வரும் கைத்திறன் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது என்று நம்புகிறேன். அது தியரி தாளைவிட அதிகமாக ஆய்வகத்தில்தான் கிடைக்கிறது, அல்லது தொலைகிறது.

ஒரு மீட்டர் நூல், அதன் முனையில் பித்தளைக் குண்டு. தனி ஊசல். பிளஸ் ஒன்னிலேயே எல்லோரும் செய்த பரிசோதனைதான். குண்டைச் சில பாகைகளுக்கு மேல் இழுக்காமல் விட்டு, நூறு அலைவுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் பார்க்கிறோம். 200 வினாடியை ஒட்டி வரும். பொத்தானை அழுத்துவதில் 0.2 வினாடி முன்னே பின்னே ஆகலாம். 200-ல் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை நீளத்தை அளக்கையில் ஒரு மில்லிமீட்டர் தப்பலாம். அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் அதன் பிழை இரண்டு மடங்காகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பில் நமக்குள்ள சந்தேகம் 0.02. கவனமாகச் செய்யும் ஒரு மாணவி தன் நோட்டில் எழுத வேண்டிய விடை "9.78, கூட்டல் கழித்தல் 0.02".

பாடப்புத்தகத்தில் 9.8 என்றோ 9.81 என்றோ அச்சிட்டிருக்கும். அந்த 9.81 ஐரோப்பாவின் அட்சரேகைகளுக்குப் பொருந்துகிற எண். பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் இந்த மதிப்பு 9.78, துருவங்களில் 9.83. கன்னியாகுமரியிலிருந்து சென்னைவரை நம் சமவெளி முழுக்க இரண்டு தசம இடத்துக்கு 9.78தான். அந்த மாணவிக்கு வந்த விடை நம் மண்ணின் விடை. 9.80 ஆகவும் இருக்கலாம் என்பதை அவளுடைய பிழை எல்லை மறுக்கவில்லை. அதையும் அவள் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் தான் துருவத்தில் நிற்கவில்லை என்று நூலையும் குண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு அவளால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு பெண் தன் கையால் அளந்து பூமியின் வடிவத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறாள் என்றால், அதைவிடப் பெரிய பாடத்தை எந்தக் கல்லூரியும் கொடுத்துவிட முடியாது.

இது வெறும் பள்ளிக்கூடப் பரிசோதனையும் இல்லை. மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1821-ல் இதே வேலையைத்தான் செய்தார். நொடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் சென்னையில் எவ்வளவு என்று அளந்து, 1822-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். லண்டனில் நொடி தட்டும் ஊசலைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் மெதுவாக ஓடும்; ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குட்டையாக்கினால்தான் இங்கே சரியாக நொடி தட்டும். அந்த 3 மில்லிமீட்டரில்தான் பூமியின் வடிவம் ஒளிந்திருந்தது. வானாய்வகம் இருந்த நுங்கம்பாக்கம் வளாகத்தில் இன்று மண்டல வானிலை மையம் இயங்குகிறது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதன் கல்வெட்டில் தமிழும் உண்டு. புயல் சமயத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் வானிலை அறிக்கை, அளவெடுப்பதற்கென்றே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவரும் மண்ணிலிருந்து வருகிறது.

இனி நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நான் ஆய்வகத்தில் நின்ற காலம் முழுக்க அதிகம் கேட்ட வார்த்தை "வேல்யூ". "வேல்யூ வரல சார்." "அவனுக்கு வேல்யூ வந்துடுச்சு." வேல்யூ என்றால் புத்தகத்தில் உள்ள எண். அது வராவிட்டால் வரவழைக்க வேண்டும். சீனியரின் ரெக்கார்டு நோட்டு பக்கத்தில் இருக்கும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்த விடை வருமாறு அளவீடுகளைத் திருத்தி அட்டவணையில் எழுதிவிடுவார்கள். 9.78 வந்தவள் அதை அழித்துவிட்டு 9.81 ஆக்கிக்கொள்வாள். சரியாக வந்த ஒன்றைத் தவறென்று நினைத்து அழிக்கக் கற்றுக்கொண்டு வெளியே போகிறாள்.

மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மூன்று மணி நேரத் தேர்வு, ஒரு நகரும் நுண்ணோக்கிக்கு நான்கு பேர் காத்திருப்பு, சோடியம் விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வருவதற்கே சில நிமிடம், கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவார் என்ற பயம். அந்த நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். கோபம் அந்த ஏற்பாட்டின் மேல். ஏனென்றால், இயற்பியல் படித்தவரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைக்கும் இடங்கள் எல்லாமே, நாம் அழிக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் "கூட்டல் கழித்தல் 0.02"-க்குத்தான் சம்பளம் கொடுக்கின்றன.

அன்னா மணியின் வாழ்க்கையைச் சொன்னால் இது விளங்கும். பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் ஆனர்ஸ் படித்து 1939-ல் தேறினார். உதவித்தொகை பெற்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை வாங்கி எப்படித் திருப்பி உமிழ்கின்றன என்பது ஆய்வு. கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அந்த மங்கிய ஒளி புகைப்படத் தகட்டில் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டு ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த அநீதி கடைசிவரை திருத்தப்படவே இல்லை.

1945-ல் அரசு உதவியுடன் இங்கிலாந்து போனபோது அவர் விரும்பியது இயற்பியல் ஆராய்ச்சி. கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-ல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சுதந்திரத்துக்கு முன்பு வெப்பமானி, அழுத்தமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தி, இங்கேயே செய்யவைத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடெங்கும் நிலையங்கள் அமைத்தார். ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். தப்பான அளவீடு இருப்பதைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தின் மதிப்பு ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த காற்றாற்றல் கணக்கெடுப்பில் தெரிந்தது. காற்றாலையில் கிடைக்கும் ஆற்றல் காற்று வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தை அளப்பதில் பத்து விழுக்காடு பிசகினால் மின்சாரக் கணக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு பிசகும். எந்தக் கணவாயில் காற்றாலை நட்டால் போட்ட முதல் திரும்பும், எங்கே திரும்பாது என்பதை அந்த மும்மடிதான் முடிவு செய்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் வரிசையாகச் சுழலும் இறக்கைகளைப் பார்ப்பார்கள். அவற்றுக்கு முன்னால் அங்கே கம்பத்தில் ஏறி நின்றது காற்று வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர். அதைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு இயற்பியல் பட்டதாரி தேவைப்பட்டார், இன்றும் தேவைப்படுகிறார்.

இன்னொரு இடம் புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்குப் பக்கத்தில் மெடிக்கல் பிசிசிஸ்ட் ஒருவர் இருப்பார். நோயாளிகளுக்கு அவர் இருப்பதே பெரும்பாலும் தெரியாது. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பார். இயந்திரம் அந்த அளவைத்தான் தருகிறதா என்பதற்குப் பொறுப்பு இவர். அளக்கும் கருவி அயனியாக்க அறை: விரல் நுனியளவு ஒரு சிறு குழி, உள்ளே காற்று. கதிர் பட்டு அந்தக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை அளந்து கதிரின் அளவைச் சொல்கிறார்கள். பெரும்பாலான அறைகள் வெளிக்காற்றோடு தொடர்புள்ளவை. ஆகவே அறையின் வெப்பம் கூடினால் உள்ளே காற்று குறையும், வளிமண்டல அழுத்தம் கூடினால் காற்று கூடும். அதனால் அளக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பமானியையும் அழுத்தமானியையும் பார்த்து, 20 பாகை வெப்பம், 1013 மில்லிபார் அழுத்தம் என்ற நிலைக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். சென்னையில் ஏ.சி. அறையில் 24 பாகை, வெளியே 1005 மில்லிபார் என்றால் திருத்தம் 2.2 விழுக்காடு. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அங்கே திருத்தமும் அதற்குத் தக்கபடி பெரிதாகும். நோயாளிக்குப் போகும் கதிரின் அளவு மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நியதி. அந்த ஐந்தில் இரண்டைக் காலையில் ஒரு வெப்பமானியைப் பார்க்க மறந்தே தொலைத்துவிடலாம்.

இதில் புழங்குவது பாயில் விதியும் சார்லஸ் விதியும், பள்ளியிலேயே படித்தவை. கோபால்ட்-60 வைத்த இயந்திரமாக இருந்தால் அரையாயுட்காலம் 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஒரு விழுக்காடு வீரியம் குறையும், சிகிச்சை நேரத்தை அதற்கேற்ப நீட்டிக்கொண்டே வரவேண்டும். அணுக்கரு இயற்பியல் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருகிற அதே சிதைவு விதி. இங்கே யாரும் வேல்யூ வரவழைக்க முடியாது. இயந்திரம் 3 விழுக்காடு அதிகமாகக் காட்டுகிறது என்றால் அதை அப்படியே எழுதி, காரணம் கண்டுபிடிக்கும்வரை சிகிச்சையை நிறுத்தும் துணிவு வேண்டும். வெளியே வரிசையில் நோயாளிகள் காத்திருப்பார்கள், நிர்வாகம் அவசரப்படுத்தும். அந்த நேரத்தில் கைகொடுப்பது மூன்று வருட ஆய்வகத்தில் படிந்த பழக்கம் மட்டுமே, அது படிந்திருந்தால்.

இந்த வேலைக்குப் போக எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கதிரியல் இயற்பியல் டிப்ளமா ஒரு வழி. அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. இன்னொரு வழி. அதன்பின் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் பெற வேண்டும். இளநிலை மாணவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

ஆராய்ச்சி வழி பற்றியும் இதேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியால் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. எல்லாம் பேருந்தில் போய்வரும் தூரம். ஆனால் ஐஐடி எம்.எஸ்சி.க்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் வழியான ஜாம் தேர்வைப் பற்றி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் பலரும் மூன்றாம் ஆண்டு பொங்கல் சமயத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் முந்தைய அக்டோபர் வாக்கிலேயே முடிந்துவிட்டிருக்கும். திறமை குறைவால் நின்றவர்களைவிடத் தேதி தெரியாமல் நின்றவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். பிஎச்.டி. சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, நெட் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று சொன்னால் பெற்றோர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். படிப்பதற்குச் சம்பளமா என்று கேட்ட அம்மாக்கள் உண்டு.

அதோடு மறுபக்கத்தையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருடம். பிறகு வெளிநாட்டில் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர இடம் கிடைப்பது அரிது. டாக்டர் பட்டத்தோடு கௌரவ விரிவுரையாளராக நாற்பதைத் தொட்டவர்கள் நம் அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பெரிய கட்டணம் வாங்கும் ஒரு பயிற்சி நிலையம் இதையெல்லாம் மறைத்து, பிசிக்ஸ் படித்தால் நேராக விஞ்ஞானி என்று விளம்பரம் செய்ததைப் பார்த்துப் பொங்கியிருக்கிறேன்.

ராமனின் கதையை இந்த இடத்தில் பலர் தவறாக எடுத்துக்காட்டுகிறார்கள். மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்ததும் 1907-ல் அவர் போனது நிதித்துறைக் கணக்கு வேலைக்கு. கல்கத்தாவில் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக் கழகத்தில் பரிசோதனை செய்தார். 1917-ல் அந்தச் சம்பளத்தை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்கிறோம். பத்து வருடம் அவருடைய ஆராய்ச்சிக்குச் சோறு போட்டது கணக்குத்துறை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான், பேங்க் தேர்வு எழுதப்போகும் நம் பிள்ளைக்கு அந்தக் கதையில் ஓர் இடம் கிடைக்கும். அப்துல் கலாம் 1954-ல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகுதான் தனக்கேற்றது பொறியியல் என்று புரிந்துகொண்டதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். வந்த பிறகு வழி மாறுவது இந்தப் படிப்பில் புதிதல்ல.

எல்லா வழிகளிலும் என் மனம் அதிகம் நிற்பது பள்ளி ஆசிரியர் வேலையில். நம் இயற்பியல் பட்டதாரிகளில் பலர் அங்கேதான் போகிறார்கள். அதை வேறு வழியில்லாதவர்களின் இடம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளஸ் ஒன் ஆய்வகத்தின் பூட்டைத் திறப்பதா, படம் வரைந்து ரெக்கார்டு எழுதவைத்து முடிப்பதா என்று தீர்மானிப்பவர் அவர்தான். கல்லூரியில் 9.78-ஐ அழித்தவள் ஆசிரியையாகப் போனால் தன் மாணவியையும் அழிக்கத்தான் சொல்வாள். வேறெதையும் அவளுக்கு நாம் கற்றுத்தரவில்லை.

ஆகவே பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பரிசோதனையாவது யாருக்கும் முன்கூட்டி விடை தெரியாததாக இருக்கட்டும். உள்ளீடற்ற கண்ணாடிப் பட்டகமும் நிறமாலைமானியும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. மாணவர்கள் அவரவர் ஊர்ச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைக் கொண்டுவந்து பட்டகத்தில் ஊற்றி, அதன் ஒளிவிலகல் எண்ணை அளக்கட்டும். கலப்படம் கண்டுபிடிக்கும் உணவு ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலை அது. ஒரு ஊர் எண்ணெய்க்கும் இன்னொரு ஊர் எண்ணெய்க்கும் வித்தியாசம் நான்காம் தசமத்தில் இருக்கலாம், மூன்றாவதில் இருக்கலாம். காலையில் அளந்ததும் மத்தியான வெக்கையில் அளந்ததும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். சீனியர் ரெக்கார்டில் அதற்கு வேல்யூ கிடையாது. மதிப்பெண்ணில் பாதியை விடைக்குக் கொடுங்கள், மறுபாதியை விடைக்குப் பக்கத்தில் எழுதும் பிழை எல்லைக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்துக்கும் கொடுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.